இழுப்புக்கு அடிக்கும் இன்ஹேலரும் குளவிக்கொட்டுக்குப் போடும் ஊசியும் தேடிப் போகும் ஒரே புரதம்

இழுப்பு, அதாவது ஆஸ்துமா, உள்ளவர் நீல இன்ஹேலரை அடித்து உள்ளே இழுத்தால் ஐந்து நிமிடத்துக்குள் நெஞ்சு இளகத் தொடங்குகிறது. குளவி கொட்டி, முகம் வீங்கி, மூச்சு அடைத்துக்கொண்டு கிடக்கும் ஒருவருக்குத் தொடையில் அட்ரினலின் ஊசி போட்டால் அவருக்கும் பெரும்பாலும் சில நிமிடங்களில் மூச்சு சீராகத் தொடங்குகிறது. இலங்கை மலையகத் தேயிலைத் தோட்டங்களில் இந்த இரண்டில் ஒன்றையாவது பார்க்காத குடும்பம் குறைவு. மருந்து வேறு, நோய் வேறு, ஆனால் சுவாசக் குழாயில் இரண்டு மருந்தும் போய்த் தொடும் இடம் ஒன்றுதான். அந்த இடத்தின் பெயர் பீட்டா-2 அட்ரினலின் ஏற்பி. இது ஒரு புரதம், நம் கலங்களின் வெளிப்படலத்தில் பதிந்திருப்பது. இது எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்தால் கிளினிக்கில் ஏன் இரண்டு வகை இன்ஹேலர் தருகிறார்கள், ஏன் சில பிரஷர் மாத்திரைகளை இழுப்புக்காரர்களுக்குத் தரக் கூடாது என்கிறார்கள், எல்லாம் தானாகவே விளங்கிவிடும். அதனால்தான் இதைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் சுவாசக் குழாய். மூச்சுக்குழல் நெஞ்சுக்குள் இறங்கிக் கிளை கிளையாகப் பிரிந்து, கடைசியில் ஒரு மில்லிமீட்டர்கூட அகலம் இல்லாத சிறு குழாய்களாகப் போகிறது. அந்தக் குழாய்களைச் சுற்றித் தசை இருக்கிறது, நாம் நினைத்து இயக்க முடியாத தசை. ஆஸ்துமா உள்ளவருக்குத் தூசி, புகை, குளிர் காற்று, தடிமன் (ஜலதோஷம்) என்று ஏதோ ஒன்று பட்டதும் இரண்டு காரியம் நடக்கிறது. ஒன்று, அந்தத் தசை இறுகிக் குழாயை நெரிக்கிறது. மற்றது, குழாயின் உட்பக்கம் வீங்கி, சளி சுரந்து, வழி இன்னும் குறுகுகிறது. இந்த இரண்டையும் தனித்தனியாக மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் இது மிகவும் முக்கியமாக வரும்.

சரி, இறுகிய தசையை இளக்க வேண்டும். உடம்பே அதற்கு ஒரு வழி வைத்திருக்கிறது. பயந்தாலோ ஓடினாலோ சிறுநீரகத்துக்கு மேலே இருக்கும் சுரப்பியிலிருந்து அட்ரினலின் என்ற ஓமோன் இரத்தத்தில் கலக்கிறது. அது தசைக் கலத்தின் பக்கத்தில் வந்து நிற்கிறது. ஆனால் உள்ளே போக முடியாது. ஒவ்வொரு கலத்தையும் சுற்றி இருக்கும் மென்சவ்வு, கொழுப்பு மூலக்கூறுகள் இரண்டு அடுக்காக நெருங்கி நிற்கும் ஒரு படலம். ஒரு மில்லிமீட்டரை லட்சம் பங்காகப் பிரித்தால் அதில் ஒரு பங்கு தடிப்புகூட அதற்கு இல்லை. அவ்வளவு மெல்லியது என்றாலும், தண்ணீரில் கரையும் அட்ரினலின் போன்ற மூலக்கூறுகள் அந்தக் கொழுப்பைத் தாண்டி லேசில் போய்விட முடியாது. வெளியே நிற்கும் ஒன்று, உள்ளே போகாமலேயே, உள்ளே இருக்கும் தசை இழைகளை எப்படி இளக்குகிறது? இந்தக் கேள்விக்கான பதில்தான் நம்முடைய ஏற்பி.

இந்தப் புரதம் 413 அமினோ அமிலங்கள் வரிசையாக இணைந்த ஒரு சங்கிலி. அதற்கான பரம்பரை அலகு (ஜீன்) நம்முடைய 5ஆம் நிறமூர்த்தத்தில் (குரோமோசோமில்) இருக்கிறது. சங்கிலியின் ஒரு முனை கலத்துக்கு வெளியே நிற்கிறது. அங்கிருந்து, சாக்கு வாயைக் கோணி ஊசியால் தைக்கும்போது நூல் இந்தப் பக்கம் குத்தி அந்தப் பக்கம் வந்து மறுபடியும் இந்தப் பக்கம் வருமே, அதே மாதிரி மென்சவ்வை ஏழு தடவை ஊடுருவிப் போகிறது. ஏழு ஒற்றைப்படை என்பதால் வெளியே தொடங்கிய சங்கிலி உள்ளே போய் முடிகிறது. மென்சவ்வைக் கடக்கும் அந்த ஏழு துண்டுகளும் நேராக இல்லாமல் சுருள் சுருளாக முறுக்கிக்கொண்டு, ஒன்றோடொன்று சாய்ந்து ஒரு கட்டாக நிற்கின்றன. கட்டின் நடுவே, வெளிப்பக்கம் பார்த்தபடி, ஒரு சிறிய குழிவு இருக்கிறது. அட்ரினலின் வந்து உட்காரும் இடம் அதுதான். சல்பியூட்டமோல் வந்து உட்காரும் இடமும் அதேதான். நீல இன்ஹேலரில் இருக்கும் மருந்தின் பெயர் சல்பியூட்டமோல்.

அட்ரினலினின் ஒரு நுனியில் நேர்மின் ஏற்றம் உள்ள நைதரசன் இருக்கிறது. ஏற்பியின் மூன்றாவது சுருளில், 113ஆவது இடத்தில், எதிர்மின் ஏற்றம் உள்ள அஸ்பாட்டிக் அமிலம் இருக்கிறது. இவை இரண்டும் ஒன்றையொன்று இழுத்துப் பிடித்துக்கொள்கின்றன. அட்ரினலினின் மறு நுனி ஐந்தாவது சுருளில் உள்ள செரின் என்ற அமினோ அமிலங்களோடு ஒட்டிக்கொள்கிறது. அதனால் ஐந்தாவது சுருள் லேசாக உள்ளே இழுபடுகிறது. அந்தச் சின்ன அசைவு கீழே போகப் போகப் பெரிதாகி, ஆறாவது சுருளின் அடிப்பகுதி, அதாவது கலத்துக்குள் இருக்கும் பகுதி, வெளிப்புறமாகச் சாய்கிறது. எவ்வளவு தூரம் தெரியுமா, 1.4 நானோமீட்டர். ஒரு நானோமீட்டர் என்பது ஒரு மில்லிமீட்டரில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு. இழுப்புக்காரரின் நெஞ்சு இளகுவதும் இளகாததும் இந்த அசைவில்தான் தொடங்குகிறது என்று நினைக்கும்போது எனக்கு இன்னமும் வியப்பு அடங்குவதில்லை.

ஆறாவது சுருள் விலகியதும் ஏற்பியின் அடிப்பக்கம் ஒரு பள்ளம் திறக்கிறது. மென்சவ்வின் உட்புறத்தில் ஒட்டிக்கொண்டிருக்கும் ஜி புரதம் என்ற இன்னொரு புரதம் அந்தப் பள்ளத்தில் வந்து சேர்கிறது. இது மூன்று துண்டுகள் சேர்ந்தது. சும்மா இருக்கும்போது இது ஜி.டி.பி (GDP) என்ற சிறு மூலக்கூறைப் பிடித்துக்கொண்டிருக்கும். ஏற்பியோடு சேர்ந்ததும் அதை விட்டுவிட்டு, அதைவிட ஒரு பொசுபேற்று (பொசுபரசு உள்ள சிறு அணுத்தொகுதி) கூடுதலாக உள்ள மூலக்கூறைப் பிடிக்கிறது. பிடித்ததும் மூன்று துண்டும் பிரிகின்றன. அதில் ஒரு துண்டு போய் அடினைலைல் சைக்ளேஸ் என்ற நொதியத்தை (என்சைமை)த் தட்டி எழுப்புகிறது. நொதியம் கலத்தில் தாராளமாகக் கிடக்கும் ஏ.டி.பி (ATP) என்ற சக்தி மூலக்கூறை எடுத்து, சைக்ளிக் ஏ.எம்.பி என்ற செய்தி கடத்தும் சிறு மூலக்கூறாக மாற்றிக் குவிக்கிறது. சைக்ளிக் ஏ.எம்.பி இன்னொரு நொதியத்தை முடுக்குகிறது, அது தசையை இறுக்கி வைக்கும் கல்சியத்தையும் அதைச் சார்ந்த புரதங்களையும் அடக்குகிறது. தசை இளகுகிறது. குழாய் விரிகிறது. அட்ரினலினோ சல்பியூட்டமோலோ கலத்துக்குள் ஓர் அடி எடுத்து வைக்க வேண்டிய தேவையே வரவில்லை.

பெயர்கள் நிறைய வந்துவிட்டன, எல்லாம் நினைவில் நிற்காவிட்டாலும் பரவாயில்லை. ஒன்று மட்டும் நிற்கட்டும்: ஒவ்வொரு படியிலும் எண்ணிக்கை பெருகுகிறது. ஓர் ஏற்பி பல ஜி புரதங்களை முடுக்கலாம், ஒரு நொதியம் ஏராளமான சைக்ளிக் ஏ.எம்.பி-யைச் செய்யலாம். அதனால்தான் இன்ஹேலரின் ஓர் அடியில் வெறும் 100 மைக்ரோகிராம், அதாவது ஒரு கிராமில் பத்தாயிரத்தில் ஒரு பங்கு மருந்து போதுமானதாக இருக்கிறது. அதிலும் பெரும்பகுதி தொண்டையிலும் வாயிலுமே ஒட்டிக்கொள்ளும். ஸ்பேஸர், அதாவது இன்ஹேலரின் வாயில் பொருத்தும் பிளாஸ்டிக் கூடு, வைத்து அடித்தால் குழாய்க்குள் போவது கூடும். வயதானவர்களும் பிள்ளைகளும் ஸ்பேஸர் இல்லாமல் அடித்துவிட்டு மருந்து கேட்கவில்லை என்று சொல்வதுண்டு, அதில் ஏற்பியின் குற்றம் ஒன்றும் இல்லை, மருந்து அதனிடம் போய்ச் சேரவே இல்லை.

இதையெல்லாம் எப்படிக் கண்டுபிடித்தார்கள் என்பதும் சொல்ல வேண்டிய கதை. 1948இல் ரேமண்ட் ஆல்குவிஸ்ட் என்ற அமெரிக்க ஆராய்ச்சியாளர், அட்ரினலின் சில இடங்களில் தசையை இறுக்கிச் சில இடங்களில் இளக்குவதைப் பார்த்து, இதற்கு இரண்டு வகை ஏற்பிகள் இருக்க வேண்டும் என்றார். ஆல்பா, பீட்டா என்று பெயர் வைத்தார். அப்போது ஏற்பி என்று ஒன்றை யாரும் கண்ணால் கண்டதில்லை, பலர் நம்பவும் இல்லை. 1967இல் பீட்டாவையும் இரண்டாகப் பிரித்தார்கள்: இதயத்தில் மிகுந்திருப்பது பீட்டா-1, சுவாசக் குழாயில் மிகுந்திருப்பது பீட்டா-2. இந்தப் பிரிப்புதான் உயிர்களைக் காப்பாற்றியது. ஏனென்றால் அதற்கு முன்னால் இழுப்புக்குக் கொடுத்த ஐசோபிரினலின் இன்ஹேலர் இரண்டையும் சேர்த்தே தூண்டியது, இதயம் படபடவென்று அடித்தது, 1960களில் அதன் கடுமையான டோஸ் இன்ஹேலர்கள் புழங்கிய சில நாடுகளில் ஆஸ்துமா மரணங்களும் கூடின. 1969இல் பீட்டா-2ஐயே பெரும்பாலும் நாடும் சல்பியூட்டமோல் வந்தது. இன்றும் அதுதான் நம் ஆஸ்பத்திரிகளில் ஓடுகிறது.

ரொபர்ட் லெஃப்கோவிட்ஸ் என்ற அமெரிக்க ஆராய்ச்சியாளர் கதிரியக்கம் ஏற்றிய மூலக்கூறுகளைக் கொண்டு ஏற்பிகளைத் தேடிப் பிடித்துப் பிரித்தெடுத்தார். 1986இல் அவருடைய குழுவில் இருந்த பிரையன் கோபில்கா உள்ளிட்டவர்கள் பீட்டா-2இன் பரம்பரை அலகைப் படித்தபோது, அது கண்ணில் வெளிச்சத்தை உணரும் ரொடொப்சின் என்ற புரதத்தைப் போலவே ஏழு தடவை மென்சவ்வைக் கடப்பது தெரிந்தது. வெளிச்சத்தைப் பிடிப்பதும் அட்ரினலினைப் பிடிப்பதும் ஒரே குடும்பம் என்று அன்றுதான் புரிந்தது. மனித உடம்பில் இந்தக் குடும்பத்துக்கு ஏறக்குறைய 800 பரம்பரை அலகுகள் இருக்கின்றன, அதில் பாதி மணத்தை அறிவதற்கு மட்டுமே. நல்ல சாயம் இறங்கிய பிளேன்டீயின் (பால் இல்லாத தேநீரின்) வாசம் மூக்கில் ஏறுவதும் அதன் கசப்பு நாக்கில் படுவதும் இந்த ஏழு சுருள் ஏற்பிகள் வழியாகத்தான். இன்று பயன்பாட்டில் இருக்கும் மருந்துகளில் மூன்றில் ஒரு பங்கு அளவுக்கு இந்தக் குடும்பத்தின் மீதுதான் வேலை செய்கிறது. 2007இல் கோபில்காவும் மற்றவர்களும் பீட்டா-2ஐப் படிகமாக்கி அதன் வடிவத்தைக் கண்டார்கள், 2011இல் அது ஜி புரதத்தோடு சேர்ந்து நிற்கும் நிலையையே படம் பிடித்தார்கள், ஆறாவது சுருளின் 1.4 நானோமீட்டர் கணக்கு அதிலிருந்து வந்ததுதான். 2012இல் லெஃப்கோவிட்ஸ், கோபில்கா இருவருக்கும் இரசாயனவியல் நோபல் பரிசு.

இப்போது நம் பக்கம் வருவோம். தேயிலைத் தொழிற்சாலையில் அரைத்துக் காய்ந்த தேயிலையைச் சலித்துத் தரம் பிரிக்கும் இடத்தில் நின்றவர்களுக்குத் தெரியும், கொழுந்தின் மேல் இருக்கும் மெல்லிய ரோமம் உதிர்ந்து தூசியாகப் பறந்துகொண்டே இருக்கும். இந்தத் தூசியால் வரும் ஆஸ்துமாவை இலங்கை மருத்துவர் சி.ஜி. ஊரகொட 1970இலேயே மருத்துவ ஏட்டில் எழுதி வைத்தார். அதன் மேல் மலைக் குளிர், லயத்து (தோட்டத் தொழிலாளர் வரிசை வீட்டு) அறைக்குள் விறகு அடுப்பின் புகை, மழை மாதங்களில் ஈரச் சுவர். இப்படிப்பட்ட இடத்தில் இழுப்பு உள்ள ஒருவர் நீல இன்ஹேலரை மட்டும் கையில் வைத்துக்கொண்டு வருஷக்கணக்கில் ஓட்டுவது எனக்கு மிகுந்த கவலையைத் தருகிறது. காரணம் அந்த ஏற்பியின் இயல்பிலேயே இருக்கிறது.

ஏற்பி முடுக்கப்பட்டதும் அதை அணைக்கும் வேலையும் கூடவே தொடங்கிவிடுகிறது. முடுக்கப்பட்டு நிற்கும் ஏற்பியைத் தேடி ஒரு நொதியம் வந்து, கலத்துக்குள் தொங்கும் அதன் வால் பகுதியில் பொசுபேற்றுகளை ஒட்டுகிறது. ஒட்டியதும் பீட்டா-அரெஸ்டின் என்ற புரதம் வந்து அதன் மேல் உட்கார்ந்துகொள்கிறது. இனி ஜி புரதம் கிட்டே வர முடியாது. அப்புறம் ஏற்பியையே மென்சவ்வோடு சேர்த்துக் கலம் உள்ளே இழுத்துக்கொள்கிறது. கொஞ்ச நேரம் ஓய்ந்திருந்தால் ஏற்பி மறுபடி மேலே அனுப்பப்படும். ஓய்வே இல்லாமல், நாளுக்குப் பல தடவை, வாரக்கணக்காக மருந்து வந்துகொண்டே இருந்தால் உள்ளே போன ஏற்பிகளில் நிறைய சிதைக்கப்பட்டுவிடும், மேலே நிற்கும் எண்ணிக்கை குறைந்துவிடும். முன்னே இரண்டு அடியில் இளகிய நெஞ்சு இப்போது நான்கு அடிக்கும் சரியாக இளகாது.

இது பாதிக் கதைதான். முன்னால் சொன்ன இரண்டு காரியங்களை நினைத்துப் பாருங்கள், தசை இறுகுவது ஒன்று, உட்புறம் வீங்குவது மற்றது. சல்பியூட்டமோல் தசையை இளக்கும். வீக்கத்தைத் தணிக்க அதனால் முடியாது. மூச்சு லேசாகிவிட்டது என்று ஆள் மறுநாள் வேலைக்குப் போகிறார், குழாய்க்குள் வீக்கம் அப்படியே கூடிக்கொண்டு போகிறது, ஒரு நாள் குழாய் வீக்கத்தாலும் சளியாலுமே அடைத்துக்கொள்ளும்போது எத்தனை அடி அடித்தாலும் பலன் குறைவு. வீக்கத்தைத் தணிப்பது ஸ்டீராய்டு இன்ஹேலர், பெரும்பாலும் பழுப்பு நிறத்தில் கிளினிக்கில் தருவார்களே அது. அடித்ததும் ஒன்றும் தெரியாது என்பதால் பலர் அதை விட்டுவிடுகிறார்கள், ஆனால் நோயை அடக்குவது அதுதான். இன்னொன்றும் இருக்கிறது: ஸ்டீராய்டு கலத்துக்குள் போய்ப் பீட்டா-2இன் பரம்பரை அலகைத் தூண்டிப் புதிய ஏற்பிகளை உண்டாக்கச் செய்கிறது. அதாவது நீல இன்ஹேலருக்குத் தேவையான இடத்தைப் பழுப்பு இன்ஹேலர் காப்பாற்றிக் கொடுக்கிறது. 2019இலிருந்து உலக அளவிலான ஆஸ்துமா வழிகாட்டல், பெரியவர்களுக்கும் வளர்ந்த பிள்ளைகளுக்கும் சல்பியூட்டமோலை மட்டும் தனியாகக் கொடுக்க வேண்டாம், கூடவே ஏதோ ஒரு விதத்தில் ஸ்டீராய்டு இன்ஹேலர் இருக்க வேண்டும் என்று சொல்கிறது.

சல்பியூட்டமோல் அடித்ததும் கை நடுங்குகிறது, நெஞ்சு படபடக்கிறது என்று பயப்படுகிறவர்கள் உண்டு. கையை அசைக்கும் தசைகளிலும் பீட்டா-2 இருக்கிறது, இதயத்திலும் கொஞ்சம் இருக்கிறது, அதனால் வருவதுதான் அது. மாத்திரையாக எடுத்தால் மருந்து இரத்தம் வழியாக உடம்பு முழுக்கப் போவதால் நடுக்கம் இன்னும் கூடும். இன்ஹேலர் எடுத்துப் பழகினால் அதை விடவே முடியாது, மாத்திரைதான் பயமில்லாதது என்று வீடுகளில் பெரியவர்கள் சொல்வது தலைகீழான எண்ணம். தேவையான இடத்துக்கு மட்டும், குறைந்த அளவில் போவது இன்ஹேலர்தான்.

இழுப்புக்கு இஞ்சி தட்டிப் போட்ட பிளேன்டீ நல்லது என்ற பேச்சும் வெறும் பேச்சில்லை. தேயிலையிலிருந்துதான் 1888இல் தியோஃபிலின் என்ற பொருளைப் பிரித்தெடுத்தார்கள், பிற்பாடு அது ஆஸ்துமா மருந்தானது, இன்றும் மாத்திரையாக இருக்கிறது. சைக்ளிக் ஏ.எம்.பி-யைச் சிதைக்கும் நொதியத்தை அது தடுக்கிறது. ஆனால் ஒரு கோப்பைத் தேநீரில் இருப்பது மிகச் சொற்பம். சூடாகக் குடித்தால் தொண்டைக்கு இதம், அவ்வளவுதான், மூச்சு திணறும் பிள்ளையைப் பிளேன்டீ கொடுத்து வீட்டில் வைத்திருக்கக் கூடாது.

கடைசியாக, ஏற்பியில் உட்கார்ந்து அதை முடுக்காமல் இடத்தை மட்டும் அடைத்துக்கொள்ளும் மருந்துகள். புரோபிரனலோல் அதில் ஒன்று. படபடப்பு, ஒற்றைத் தலைவலி, கைநடுக்கம், சிலருக்குப் பிரஷர் என்று பல காரணங்களுக்குத் தருவார்கள், நல்ல மருந்துதான். ஆனால் அது பீட்டா-1, பீட்டா-2 இரண்டையும் அடைக்கும். இழுப்பு உள்ளவர் அதை எடுத்தால் சுவாசக் குழாய் இறுகிவிடலாம், அப்போது சல்பியூட்டமோல் அடித்தாலும் உட்கார இடம் இருக்காது. கண் அழுத்தத்துக்கு விடும் டிமோலோல் சொட்டு மருந்தும் இதே வகை. கண்ணில் விடுவதுதானே என்று நினைக்கக் கூடாது, அது மூக்கு வழியாக இரத்தத்தில் கலந்து நெஞ்சுக்குப் போகும். பக்கத்து வீட்டு அக்காவின் மாத்திரை தலைவலிக்குக் கேட்டதாம் என்று வாங்கிப் போடும் பழக்கம் லயத்தில் உண்டு, இழுப்பு இருக்கும் வீட்டில் அதைச் செய்யவே வேண்டாம்.

குளவிக்கொட்டில் இது இன்னும் கூர்மையாக வருகிறது. கொழுந்து பறிக்கும்போது கூடு கலைந்து குளவிகள் மொத்தமாகக் கொட்டும்போது சிலருக்கு உடம்பு முழுவதும் ஒவ்வாமை பொங்கி, பிரஷர் இறங்கி, குழாய் அடைத்துக்கொள்கிறது. பெரியவர்களுக்குத் தொடையின் வெளிப்பக்கத் தசையில் அரை மில்லிகிராம் அட்ரினலின் போடுவதுதான் முதல் மருந்து. அது ஆல்பா ஏற்பிகள் வழியாக இரத்தக் குழாய்களை இறுக்கிப் பிரஷரை ஏற்றுகிறது, பீட்டா-2 வழியாக மூச்சைத் திறக்கிறது. அதனால் முகமோ நாக்கோ வீங்குகிறது, மூச்சு இரைக்கிறது, தலை சுற்றி விழுகிறார் என்றால் சுண்ணாம்பு தடவிக்கொண்டு நிற்காமல் உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும். போகும்போது, எடுக்கும் மருந்துகள் எழுதியிருக்கும் கிளினிக் கொப்பியையும் கையோடு எடுத்துச் செல்லுங்கள். கொட்டு வாங்கியவர் புரோபிரனலோல் போன்ற மருந்து எடுப்பவர் என்றால் ஏற்பிகள் ஏற்கெனவே அடைபட்டிருக்கும், போட்ட அட்ரினலின் எதிர்பார்த்த அளவு கேட்காமல் போகலாம். அப்படிப்பட்ட நேரத்தில் டாக்டர்களிடம் குளுக்ககன் என்ற இன்னொரு வழி இருக்கிறது. சீனி குறைந்துபோனவர்களுக்குப் போடும் ஓமோன்தான் அது. அதற்கென்று தனி ஏற்பி இருக்கிறது, அதுவும் ஏழு சுருள் குடும்பம், அதுவும் அதே ஜி புரதத்தை எழுப்பிச் சைக்ளிக் ஏ.எம்.பி-யைக் கூட்டுகிறது, பீட்டா ஏற்பிகளைத் தொடாமலேயே இதயத்தின் துடிப்புக்கு வலு சேர்க்கிறது. ஆனால் அதைப் போட வேண்டும் என்று தோன்றுவதற்கு, இவர் என்ன மாத்திரை எடுக்கிறார் என்று டாக்டருக்குத் தெரிந்திருக்க வேண்டும், கொட்டு வாங்கியவர் அப்போது பேசும் நிலையில் இருக்க மாட்டார், கூட வந்தவர்தான் சொல்ல வேண்டும்.